எளிதாக்கினால் போதுமா? வலைப்பதிவு எல்லோரிடமும் போய்ச் சேராத கதை

வாசகர் கேள்வி: வலைப்பதிவு ஏன் எல்லோருடைய கைக்கும் வரவில்லை? எழுதி வெளியிடுவது சிரமமாக இருந்தது, சமூக ஊடகம் அதை எளிதாக்கியது, கூட்டம் அங்கே போய்விட்டது என்கிறார்கள். எனக்கு அது முழு விடையாகத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எழுதியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு 9.50

நானும் பல வருடமாக அந்த விடையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன், அதனால் முதலில் அதன் பக்கமே நின்று பேசுகிறேன். வலைப்பதிவைக் குறிக்கும் 'வெப்லாக்' என்ற சொல்லை ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கப் பதிவர் 1997 டிசம்பரில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது ஒரு பத்தி வெளியிடுவதற்கே வலைப்பக்கத்தை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் தெரிந்திருக்க வேண்டும். கோப்பைத் திறந்து, புதியதை மேலே ஒட்டி, பழையதைக் கீழே தள்ளி, கோப்பு அனுப்பும் முறையான எஃப்டிபி வழியாக, பக்கத்தை இணையத்தில் காட்டும் கணினியான வழங்கிக்கு ஏற்ற வேண்டும். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் பக்கம் முழுக்கக் கோணிக்கொள்ளும். 1999 ஆகஸ்டில் பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவை வந்தது: எழுத ஒரு பெட்டி, அழுத்த ஒரு பொத்தான். 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருள். ஒவ்வொரு முறை ஒரு படி குறைந்தபோதும் புது ஆட்கள் உள்ளே வந்தார்கள், நான் 2005இல் வந்தது அப்படித்தான். அப்புறம் ஃபேஸ்புக், ட்விட்டர் பெட்டிகள் வந்தன, தலைப்புகூட வேண்டாம், வார்ப்புரு தேர்ந்தெடுக்க வேண்டாம். படி இன்னும் குறைந்தது, கூட்டம் இன்னும் பெருகியது.

என் விடை இதுதான்: படிகள் குறையக் குறைய ஆட்கள் வருவார்கள்.

பிப்ரவரி 4, காலை 6.15

நேற்று எழுதியதைப் படுக்கையில் கிடந்து யோசித்தேன். சரியாக வரவில்லை. பிளாகரில் ஒரு வலைப்பதிவு திறக்க ஐந்து நிமிடம் போதும், அதுவும் இலவசம். ஐந்து நிமிடம் யாரையும் தடுக்காது.

என் தங்கைக்கு 2007இல் நானே ஒன்று திறந்து கொடுத்தேன். மூன்று இடுகை எழுதினாள், மூன்றும் நன்றாக இருந்தன, அப்புறம் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு "கஷ்டமா இருக்கு" என்று அவள் சொல்லவில்லை. "யாரு படிக்கிறா?" என்றாள். இரண்டு வருடம் கழித்து ஒரு சமூக ஊடகத்தில் சேர்ந்தவள் தினமும் எழுதினாள், என் இடுகைகளைவிட நீளமாக. ஆளும் மாறவில்லை, அவள் எழுத்தும் மாறவில்லை. எழுதும் பக்கத்தில் இருந்த வசதியை வைத்து இந்த வேறுபாட்டை என்னால் விளக்க முடியவில்லை.

பிப்ரவரி 4, இரவு 10.30

"அப்படியானால் வாசகர்கள் இல்லாததுதான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாசகர்கள் இருந்தார்கள். வாசிப்பதுதான் சிரமமாக இருந்தது. இதை நாங்கள் யாருமே அன்று கவனிக்கவில்லை, ஏனென்றால் எங்களுக்கு அது சிரமமாக இல்லை.

பத்துப் பதிவர்களைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்றால் பத்து முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு தினமும் போய்ப் பார்க்க வேண்டும், பாதி நாள் புதிதாக எதுவும் இருக்காது. அதற்கு மருந்தாக, புது இடுகைகளைத் தானே கொண்டுவந்து தரும் ஓடை வந்தது. ஆர்எஸ்எஸ் ஓடையின் முதல் வடிவத்தை நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனம் 1999 மார்ச்சில் கொடுத்தது. அதன்பிறகு எந்த வடிவம் சரி என்று வருடக்கணக்கில் சண்டை. 2002இல் நிரலாளர் டேவ் வைனரின் ஆர்எஸ்எஸ் 2.0, அதில் நிறைவடையாதவர்கள் உருவாக்கிய 'ஆட்டம்' (Atom) என்ற ஓடை வடிவம் 2005இல் தரநிலையானது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நானும் நீள நீளமாகப் பின்னூட்டம் போட்டிருக்கிறேன். அதே நேரத்தில் சாதாரண ஆள் ஒருவர் பக்கத்தின் ஓரத்தில் இருந்த அந்த ஆரஞ்சு நிற ஓடைக் குறியைச் சொடுக்கினால் பல உலாவிகளில் திரை நிறையக் குறிமுறை கொட்டும். பக்கம் உடைந்துவிட்டது என்று மூடிவிட்டுப் போவார்.

கூட வேலை செய்த ஒருவருக்கு நான் இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். முதலில் ஓடை என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பிறகு ஓடைகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் திரட்டி என்று ஒன்று தனியாக வேண்டும் என்று சொல்ல வேண்டும், அதில் கணக்கு தொடங்க வேண்டும், இங்கிருந்து முகவரியை நகல் எடுத்து அங்கே ஒட்ட வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எழுதினா எனக்கு ஒரு மெயில் போட்டுடுங்க" என்றார்.

இதற்கு எதிரில் ஃபேஸ்புக் 2006 செப்டம்பர் 5ஆம் தேதி கொண்டுவந்த நியூஸ் ஃபீடை வைத்துப் பாருங்கள். நண்பராகச் சேர்த்துக்கொண்டாலே அவர் எழுதுவது உங்கள் முகப்பில் வந்து விழும். சந்தா செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சந்தா செய்தாகிவிட்டது. பயனர்கள் அன்று கொதித்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள். அந்த எதிர்ப்புக் குழு அவ்வளவு வேகமாகப் பரவியதே அதே ஃபீடின் வழியாகத்தான்.

பிப்ரவரி 5, காலை 7.05

திருத்தம். மேலே எழுதியதைப் படித்தால் அன்றைக்கே ஃபேஸ்புக் எல்லோருக்கும் திறந்திருந்தது போலத் தோன்றும். ஃபீட் வந்தபோது கல்லூரிகள், பள்ளிகள், சில பணியிடங்கள் மட்டும்தான். 13 வயது தாண்டிய, மின்னஞ்சல் வைத்திருக்கும் யாரும் சேரலாம் என்று ஆனது அதே மாதம் 26ஆம் தேதி. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. வரிசை முக்கியம்: வாசிக்கும் இடத்தை முதலில் செய்து வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 7, மாலை 5.40

ஒருவர் மணி வடிவக் கோட்டைப் போட்டு "எல்லாத் தொழில்நுட்பமும் இப்படித்தான் பரவும்" என்று முடித்துவிட்டார். சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962இல் பரப்பிய வகைப்பாடு அது: புதுமை செய்பவர்கள் 2.5 விழுக்காடு, அடுத்து சீக்கிரம் ஏற்பவர்கள் 13.5, அப்புறம் முன்னதாக வரும் பெரும்பான்மை 34, பின்னால் வரும் பெரும்பான்மை 34, கடைசியில் தயங்கி வருபவர்கள் 16. எனக்கு அந்தக் கோட்டின் மேல் வருத்தம் ஒன்று உண்டு. இடது ஓரத்தில் நுழையும் பொருளும் வலது ஓரத்தில் வெளியே வரும் பொருளும் ஒன்றே என்று அது நினைக்க வைத்துவிடுகிறது.

அந்தக் கோட்டுக்கு வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? சோள வயலில். ரையன், கிராஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் 259 விவசாயிகளைச் சந்தித்து, கலப்பினச் சோள விதை எப்படிப் பரவியது என்று ஆராய்ந்து 1943இல் எழுதினார்கள். 1928 வாக்கில் வந்த விதையை 1941க்குள் அவர்களில் இரண்டு பேர் தவிர எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு விதை வணிகர் சொல்லித்தான் முதலில் தெரிந்திருக்கிறது, ஆனால் விதைக்கத் துணிந்தது பக்கத்து வயல்காரர் சொன்ன பிறகு.

எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது. கலப்பின விதையில் விளைந்ததை எடுத்துவைத்து அடுத்த வருடம் விதைத்தால் அதே விளைச்சல் வராது. அதுவரை தன் வயலிலிருந்தே விதைச்சோளம் எடுத்துவைத்த விவசாயி, அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் விதை வாங்க வேண்டியவர் ஆனார். விளைச்சல் கூடியது உண்மை, வறட்சியை அந்தப் பயிர் நன்றாகத் தாங்கியதும் உண்மை, அவர்கள் எடுத்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பரவலின்போது ஏதோ ஒன்று கைமாறியது, அந்தக் கோட்டில் அதற்கு இடமே இல்லை.

நாம் முகவரியைக் கைமாற்றினோம். நம் எழுத்து இருக்கும் இடம் நம்முடையதாக இருந்தது, அதைக் கொடுத்துவிட்டு வாசகர்களை வாங்கிக்கொண்டோம்.

பிப்ரவரி 8, காலை 8.20

"அப்படியானால் ஆர்எஸ்எஸ் தோற்றுப்போன தொழில்நுட்பம்தானே?" இல்லை, நிச்சயமாக இல்லை. பாட்காஸ்ட் கேட்கிறீர்கள் அல்லவா? அதன் அடியில் ஓடுவது ஆர்எஸ்எஸ்தான். ஓடையில் ஒலிக்கோப்பை இணைத்து அனுப்பும் வழியை வைனர் சேர்த்து வைத்திருந்தார், 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்தது, அதன்பிறகு ஓடை முகவரியை நகல் எடுத்து ஒட்டும் வேலை பெரும்பாலானவர்களுக்கு இல்லாமல் போனது. என் அப்பா தினமும் நடக்கும்போது கேட்கிறார். ஆர்எஸ்எஸ் என்ற பெயர் அவர் காதில் விழுந்ததே இல்லை, விழ வேண்டியதும் இல்லை.

கியூஆர் குறியும் இதே கதைதான். 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. வெளியே சுவரொட்டிகளில் வந்தபோது அதைப் படிக்கத் தனியாக ஒரு செயலி இறக்க வேண்டியிருந்தது. 2012 வாக்கில் "இது தேறாது" என்று நான் எழுதியிருக்கிறேன். 2017இல் ஐபோன் கேமராவே அதைப் படிக்கத் தொடங்கியது, அந்த ஒரு படியும் போய்விட்டது. நான் எழுதியது தவறு. குறியைப் பார்த்து முடிவு சொன்னேன், அதைப் படிக்கும் வழி மாறக்கூடும் என்று யோசிக்கவில்லை.

பிப்ரவரி 8, இரவு 9.10

ஒருவர் கேட்டது மனதில் நிற்கிறது: "யாருக்கும் சொந்தமில்லாத திறந்த தொழில்நுட்பம் எப்போதும் தோற்கத்தான் வேண்டுமா?"

வேண்டியதில்லை. 1993இல் கோஃபர் என்று, பட்டியல்கள் வழியாகத் தகவலைத் தேடி எடுக்கும் முறை ஒன்று இணையத்தில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதை உருவாக்கிய மினசோட்டா பல்கலைக்கழகம் சில வகை வழங்கிகளுக்கு உரிமக் கட்டணம் கேட்கப் போவதாக அறிவித்தது. அதே வருடம் ஏப்ரல் 30ஆம் தேதி ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிறுவனமான செர்ன், தன்னிடம் உருவான வேர்ல்ட் வைட் வெப்பை யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தது. அடுத்து நடந்ததை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மின்னஞ்சலைப் பாருங்கள். ரே டாம்லின்சன் என்ற நிரலாளர் 1971இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிக் காட்டியது, இன்றுவரை எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. இந்த நிறுவனத்தில் கணக்கு வைத்திருப்பவர் அந்த நிறுவனத்தில் இருப்பவருக்கு எழுதலாம். அது ஏன் எல்லோரிடமும் போய்ச் சேர்ந்தது, வலைப்பதிவு ஏன் சேரவில்லை? இதற்கு விடை தெரியாமல் இந்த இழையை விட எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 10, அதிகாலை 5.30

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். மின்னஞ்சலில் எழுதுவதும் வாசிப்பதும் பதில் போடுவதும் ஒரே இடம். அலுவலகத்தில் கட்டாயம் என்று கற்றுக்கொண்டவர்கூட வாசிக்க வந்த இடத்திலேயே எழுதவும் தொடங்கிவிடுவார், பதில் எழுது என்று ஒரு பொத்தான் கண் முன்னே இருக்கிறது.

வலைப்பதிவில் எழுதுவது ஒரு இடம், வாசிப்பது வேறு இடம், பின்னூட்டம் போடுவது ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய். நான் போட்ட பின்னூட்டத்துக்குப் பதில் வந்ததா என்று பார்க்க மறுபடி அங்கே போக வேண்டும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே நடக்கும் உரையாடலைக் கோக்க 2002இல் மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருள் 'டிராக்பேக்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அருமையான யோசனை, குப்பை விளம்பரக்காரர்கள் வந்து அதை நாசமாக்கினார்கள். எழுதத் தெரிந்தவனுக்கு எழுதும் பெட்டியை எளிதாக்கிக்கொண்டே போனோம். ஆனால் ஒருவர் எழுத்தாளராகும் வழி வாசிப்பிலிருந்துதான் தொடங்குகிறது, அந்த வாசகர் கண்ணுக்கு எழுதும் பெட்டி தெரியவே இல்லை. நாம் அதை வேறொரு வீட்டில் வைத்திருந்தோம்.

அப்படியானால் முதல் நாள் நான் சொன்ன 'படிகள் குறைய வேண்டும்' தவறில்லை, தவறான வாசலில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10, இரவு 11.00

லைவ்ஜர்னல் என்ற பழைய நாட்குறிப்புத் தளத்தை நினைவுபடுத்தியவருக்கு என்ன சொல்வது, அது என் விடையையே ஆட்டிப்பார்க்கிறது. பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1999இல் தொடங்கியது. நண்பர்கள் எழுதியதெல்லாம் ஒரே பக்கத்தில் வரும், அங்கேயே பதில் போடலாம், அங்கேயே எழுதலாம். நான் கேட்ட ஒரே வீடு. அது ஏன் எல்லோரையும் சேர்க்கவில்லை?

இரண்டு காரணம் தோன்றுகிறது. முதலாவது உறுதியானது: வழங்கிகள் தாங்காமல் 2001 முதல் 2003 இறுதிவரை அழைப்புக் குறியீடு இருந்தால்தான், அல்லது பணம் கட்டினால்தான் புதுக் கணக்கு. பரவ வேண்டிய வருடங்களில் வாசலில் ஒரு சங்கிலி. இரண்டாவது என் கணிப்பு: அங்கே பெரும்பாலும் புனைபெயர்கள். அதனால்தான் மனம் திறந்து எழுதினார்கள், அதனாலேயே கூடப் படித்த ஒருவரைப் பெயர் போட்டுத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சொந்தப் பெயரில் இருக்கும் இடத்துக்கு நாம் தெரிந்தவர்களைத் தேடிப் போனோம், எழுதப் போகவில்லை. எழுதியது பிறகு நடந்தது. என் தங்கைக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். அவளிடமே கேட்கிறேன்.

பிப்ரவரி 11, மதியம் 1.15

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: ஜிபிடி-3 என்ற மொழி மாதிரி 2020இலேயே இருந்தது, நிரலாளர்களுக்குத் தெரிந்தும் இருந்தது. 2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி ஒரு உரையாடல் பெட்டியை வைத்தது. எழுதுவதும் வாசிப்பதும் அதே பெட்டியில். பரவிய வேகத்துக்கு மாதிரியின் திறமை மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம்.

பலர் தனித்தனியாக நடத்தும் வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சமூக ஊடகமான மாஸ்டடானைப் பற்றியும் ஒரு வரி. அதன் அடியில் இருக்கும் ஆக்டிவிட்டிபப் என்ற தொடர்பு நெறிமுறை 2018 ஜனவரியில் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. ஒரே வீட்டில் வாசித்து எழுதலாம், வீடும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமில்லை, எனக்கு உண்மையில் பிடித்த ஏற்பாடு. ஆனால் உள்ளே வருபவரிடம் முதல் கேள்வியாக "எந்த வழங்கி?" என்று பல வருடம் கேட்டார்கள். யாரையும் தெரியாத இடத்தில் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

பிப்ரவரி 13, இரவு 10.20

இன்று கொஞ்சம் மனக்கஷ்டமான விஷயம். இழை இந்தப் பக்கம் திரும்பியதால் சொல்கிறேன்.

2008 முதல் என் பதிவில் பின்னூட்டங்களை ஒரு வெளிச் சேவையிடம் விட்டிருந்தேன், வசதியாக இருந்தது. சில வருடத்தில் அந்தச் சேவை மூடப்பட்டது. தகவல் வந்த மின்னஞ்சல் குப்பைக் கூடையில் விழுந்திருந்தது, நான் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது. என் இடுகைகள் பத்திரமாக என்னிடம் இருக்கின்றன. பின்னூட்டம் ஒன்றுகூட இல்லை. ஒரு இடுகையில் நான் எழுதியது முழுக்கத் தவறு என்று அந்தத் துறையிலேயே முப்பது வருடம் வேலை செய்த ஒருவர் பகுதி பகுதியாக, ஆறோ ஏழோ பின்னூட்டத்தில் விளக்கியிருந்தார். இடுகையின் கடைசியில் "கீழே அவர் சொல்வதையும் கட்டாயம் படியுங்கள்" என்று நான் சேர்த்த வரி இன்னும் இருக்கிறது. கீழே ஒன்றும் இல்லை. இப்போது அங்கே போகிறவர் என் தவறை மட்டும் படித்துவிட்டு வருவார்.

முகவரியைக் கைமாற்றினோம் என்று பிப்ரவரி 7இல் எழுதினேனே, அது மற்றவர்களைப் பற்றி மட்டும் இல்லை. சொந்த வீடு வைத்திருந்த காலத்திலேயே பின்னூட்டத்தை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14, காலை 7.30

நேற்று இரவு எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் அந்த நிபுணர் எழுதியதன் நகல் தங்களிடம் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். கிடைத்தால் அனுப்புங்கள், உடனே அந்த இடுகையின் உள்ளேயே சேர்த்துவிடுகிறேன்.

பிப்ரவரி 16, இரவு 9.45

தங்கையிடம் கேட்டேன். நான் நினைத்ததைவிட அவள் தெளிவாகச் சொன்னாள். "நீ திறந்து கொடுத்ததுல முதல்ல தலைப்பு கேட்டுச்சு. தலைப்பு போட்டாலே மேடை ஏறின மாதிரி. மேடை ஏறினா கீழ யாராவது இருக்கணும்ல? இங்க யாரோ ஏதோ சொல்வாங்க, அதுக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சேன், அது நீண்டுபோச்சு, அவ்வளவுதான்."

அதாவது அவள் எழுத உட்காரவே இல்லை. பதில் சொல்ல உட்கார்ந்தாள்.

பிறகு அவளே ஒன்று கேட்டாள். மகள் பிறந்த வருடத்தில் தினமும் எழுதியிருந்தாளாம், மகளுக்கு இப்போது படிக்க ஆசை. இரண்டு மணி நேரம் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தும் அந்த வருடத்தை எட்ட முடியவில்லை. வலைப்பதிவின் ஓரத்தில் மாதவாரியாகப் பழைய இடுகைகள் பட்டியலாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு முகவரி இருக்கும். அதை நாங்கள் பெருமையாக நினைத்ததில்லை, எப்போதும் அங்கேயே கிடந்ததால். அவள் கணக்கின் தரவு முழுவதையும் இறக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை உட்கார்ந்து பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

பிப்ரவரி 23, இரவு 11.40

கோப்பு வந்தது, அந்த வருடம் முழுக்க அதில் இருக்கிறது, தேதியோடு. மற்றவர்கள் சொன்ன பதில்கள் அதில் இல்லை, அவை அவரவர் கணக்குக்கு உரியவை. அவள் சொன்ன பதில்கள் மட்டும் இருக்கின்றன, எதற்கு என்று தெரியாமல்: "ஆமா, நேத்தும் அப்படித்தான் அழுதா", "நீங்க சொன்ன மாதிரி செஞ்சு பார்த்தேன், தூங்கிட்டா". மகள் அதையே விழுந்து விழுந்து படித்தாள், கேள்விகளை அவளே ஊகித்துக்கொண்டு.

அவளுக்கு மறுபடி ஒரு பக்கம் திறந்திருக்கிறோம், இந்த முறை சொந்த முகவரியில். யார் படிப்பார்கள் என்று அவள் கேட்பதற்கு முன்பே, தெரிந்த பன்னிரண்டு பேருக்கு இடுகை தானாக மின்னஞ்சலில் போகும்படி செய்தேன். 'பதில் எழுது' என்பதை அழுத்தினால் அவளுக்கு வரும்.

முதல் இடுகையில் தலைப்புப் பெட்டியைக் காலியாக விட்டாள். திரட்டிகளில் எப்படித் தெரியுமோ என்று எனக்குக் கொஞ்சம் கவலையாக இருந்தது, ஆர்எஸ்எஸ் 2.0 விவரக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தலைப்பு, உள்ளடக்கம் இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்றுதான் போட்டிருக்கிறது. 2002இலிருந்து அப்படியே இருக்கிறது. வெளியிட்டுவிட்டோம். இதுவரை நான்கு பதில்.